லாரிக்குப் பாடம் சொன்ன ஊர்

நாமக்கல் வட்டாரத்தில் லாரி ஓட்டக் கற்றுக்கொள்ள ஒரு காலத்தில் விண்ணப்பப் படிவம் எதுவும் கிடையாது. ஊரில் லாரிக்குப் போகும் டிரைவர் வீட்டில் சொல்லி வைப்பார்கள், அவ்வளவுதான். பையனுக்குப் பதினைந்து, பதினாறு வயது இருக்கும். பள்ளிக்கூடம் பிடிக்கவில்லை, அல்லது மழை பொய்த்துக் காட்டில் வேலை இல்லை. அடுத்த லோடுக்கு வண்டி கிளம்பும்போது ஒரு லுங்கி, ஒரு துண்டு, ஒரு போர்வையோடு கேபினில் ஏறிவிடுவான். அன்றிலிருந்து அவன் கிளீனர். டிரைவர் அவனுக்கு ‘அண்ணன்’.

அந்தப் படிப்பின் பாடங்கள் எங்கும் எழுதப்படவில்லை. ஆனால் வரிசை மாறாது. விடியலில் அண்ணன் எழுவதற்கு முன்னால் முன்கண்ணாடி துடைத்திருக்க வேண்டும். ரேடியேட்டரில் தண்ணீர், எஞ்சினில் ஆயில் பார்த்திருக்க வேண்டும். அப்புறம் டயர். லாரியின் பின் அச்சில் ஒரு பக்கத்துக்கு இரண்டு டயர்கள் ஒட்டி நிற்கும். உள் டயரில் காற்று இறங்கினால் வெளியே நின்று பார்ப்பவருக்குத் தெரியாது. வெளி டயர் மொத்தச் சுமையையும் தாங்கிக்கொண்டு ஒன்றும் நடக்காததுபோல நிற்கும். எனவே கிளீனர் வீல் ஸ்பேனரை எடுத்து ஒவ்வொரு டயராகத் தட்டிக்கொண்டு வருவான். காற்று இருந்தால் கம்பி கையை உதறிக்கொண்டு எகிறும். இல்லாவிட்டால் ‘தொப்’பென்று அமுங்கும். சில மாதம் பழகிய பையனுக்குச் சத்தத்திலேயே எந்த டயர் சரியில்லை என்று பிடிபட்டுவிடும். இன்று டயருக்குள் பொருத்தும் சென்சார் இதே வேலையைச் செய்து, டிரைவரின் முன்னால் உள்ள திரையில் எண்ணாகக் காட்டுகிறது.

தார்ப்பாய் விரிப்பது, கயிறு இழுத்துக் கட்டுவது, மேட்டில் நின்றால் சக்கரத்துக்குக் கட்டை போடுவது, ஸ்டெப்னி மாற்றுவது எல்லாம் அடுத்த பாடங்கள். குறுகலான கிடங்கு வாசலில் வண்டியைப் பின்னால் எடுக்கும்போது கிளீனர்தான் கண். “வரலாம்ணா, வரலாம்… வலது ஒடிங்க… போதும்ணா!” என்ற குரலை நம்பித்தான் டிரைவர் ரிவர்ஸ் எடுப்பார். கடைசியில் ஒரு நாள், லோடு இறக்கிய காலி வண்டி, ஆளில்லாத ரோடு, நடு இரவு. அண்ணன் எழுந்து இடம் விட்டுக் கொடுப்பார். ஸ்டியரிங் கைக்கு வரும்.

சட்டப்படி இது குற்றம். 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின்படி 20 வயது ஆகாதவர் சரக்கு வண்டியோ பேருந்தோ ஓட்டக்கூடாது. இலகுரக வாகன உரிமம் பெற்று ஓராண்டு ஆகியிருந்தால்தான் கனரகத்துக்குப் பழகுநர் உரிமமே தருவார்கள். ஆனாலும் கொங்கு நாட்டின் இந்தக் கிழக்கு மூலையிலிருந்து இந்தியா முழுவதும் சரக்கு கொண்டுபோன டிரைவர்களில் பெரும்பாலோர் தேறி வந்தது இந்தக் கேபின் பள்ளியில்தான். அதைக் குறை சொல்வதற்கு முன், வேறு பள்ளியை யாரும் அவர்களுக்குத் திறக்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

ஏன் இந்த ஊர்? காவிரி வாய்க்கால் பாயும் மோகனூர், பரமத்தி வேலூர்ப் பக்கத்தை விட்டால் மற்றதெல்லாம் கிணற்றையும் வானத்தையும் நம்பிய மேட்டுக்காடு. தண்ணீர் கீழே போகப் போக, நிலத்தில் போடும் பணம் சக்கரத்தின் பக்கம் திரும்பியது. லாரியும் அப்போதுதான் எளிதில் கிடைக்கத் தொடங்கியிருந்தது. டாடா நிறுவனம் 1954இல் மெர்சிடிஸ் பென்ஸ் கூட்டுறவோடு லாரி செய்ய ஆரம்பித்தது. எண்ணூரில் இருந்த அசோக் மோட்டார்ஸ் 1955இல் அசோக் லேலண்ட் ஆனது. ஏற்றுவதற்குச் சரக்கும் கைக்கெட்டும் தூரத்திலேயே இருந்தது. சேலத்து மேக்னசைட், சங்ககிரி சிமென்ட், மேட்டூரின் அலுமினியமும் ரசாயனமும், ஆத்தூர், ராசிபுரம் பக்கத்து ஜவ்வரிசி, பிற்பாடு நாமக்கல் முட்டை. பெங்களூருவிலிருந்து தெற்கே போகும் சாலையும் கோயம்புத்தூர் சாலையும் சேலத்தில் பிரிகின்றன. பங்காளிகளும் சம்பந்திகளும் சேர்ந்து ஒரு வண்டி வாங்கினார்கள். டிரைவராக இருந்தவர் கடன் வாங்கி முதலாளி ஆனார். அவர் வண்டிக்கு அடுத்த கிளீனர் ஏறினான்.

வண்டி வந்ததும் பட்டறை வந்தது. கம்பெனி விற்றது வெறும் சேசிஸைத்தான்: எஞ்சின், சட்டம், சக்கரம், ஸ்டியரிங். கேபின்கூட இருக்காது. ஓசூரிலிருந்தும் எண்ணூரிலிருந்தும் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, வெட்டவெளியில் தற்காலிக இருக்கையில் உட்கார்ந்து டிரைவர்கள் சேசிஸை ஓட்டி வருவதைப் பெங்களூரு சாலையில் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். அந்த எலும்புக்கூட்டுக்கு உடம்பு போட்டது நாமக்கல். தச்சர், கொல்லர், வெல்டர், டிங்கர், பெயின்டர், எலக்ட்ரீஷியன், சீட் தைப்பவர் எல்லோரும் ஒரே கூரையின் கீழ் வேலை செய்வார்கள். சுண்ணாம்புக் கோடு தரையில் விழும், அதுதான் வரைபடம். எந்த லோடுக்கு எவ்வளவு உயரம், கொக்கி எங்கே, அச்சுக்குப் பின்னால் எவ்வளவு நீட்டலாம் என்பதெல்லாம் மேஸ்திரியின் கையில் இருந்த கணக்கு. திருச்செங்கோடு இன்னொரு வழியில் போனது. லாரி சேசிஸ் மேல் ஆழ்துளைக் கிணறு தோண்டும் இயந்திரத்தை ஏற்றி, ரிக் வண்டிகளாக வடநாடு முழுக்க அனுப்பியது; ஆப்பிரிக்கா வரைக்கும் அவை போயின.

இந்தப் பட்டறைகளிலும் சான்றிதழ் கிடையாது. அந்தக் குறை பல ஆண்டுகள் யாருக்கும் உறைக்கவில்லை. லாரி பாடி இப்படித்தான் இருக்க வேண்டும் என்று தேசிய அளவில் தரநிர்ணயம் வந்தபோதுதான் உறைத்தது. வரைபடம் கொடு, பரிசோதனை ஒப்புதல் வாங்கு என்றது சட்டம். 2025 அக்டோபர் முதல் தேதியிலிருந்து தயாராகும் நடுத்தர, கனரகச் சரக்கு வண்டிகளின் கேபினில் ஏ.சி. இருந்தாக வேண்டும் என்று மத்திய அரசு 2023 டிசம்பரில் அறிவித்தது. டிரைவர்களுக்கு நல்ல செய்திதான். கேபினையே கம்பெனி கட்டித் தரும் நிலை வந்தால், கேபின் கட்டிப் பிழைத்த பட்டறைக்கு அது வேறு செய்தி.

அரசுக்குப் போக்குவரத்துப் பயிற்சியில் அக்கறை இல்லை என்று சொல்லிவிட முடியாது. பேருந்துகள் நாட்டுடைமையான பிறகு சேலத்தைத் தலைமையிடமாக வைத்து 1973இல் அண்ணா போக்குவரத்துக் கழகம் உருவானது. கழகங்கள் சேர்ந்து நடத்திய சாலைப் போக்குவரத்து நிறுவனம் கும்மிடிப்பூண்டியில் கனரக ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி வைத்தது, பாலிடெக்னிக்குகள் தொடங்கியது, 1984இல் ஈரோட்டை அடுத்த சித்தோட்டில் ஒரு பொறியியல் கல்லூரியே திறந்தது. பேருந்து ஓட்டியவரின் பிள்ளை ஆட்டோமொபைல் எஞ்சினியரிங் படிக்க அங்கே தனி ஒதுக்கீடு இருந்தது. இன்று அது ஈரோடு அரசு பொறியியல் கல்லூரி. அதே சாலையில் லாரி ஓட்டியவரின் பிள்ளைக்கு இப்படி ஒன்றும் இல்லை. லாரி தனியார் தொழில். சங்கம் உண்டு, கழகம் கிடையாது.

அந்த வெற்றிடத்தில் முதலில் கால் வைத்தது ஒரு லாரி கம்பெனி. அசோக் லேலண்ட் தன் முதல் ஓட்டுநர் பயிற்சி மையத்தை 1990களின் நடுவில் நாமக்கல்லில் திறந்தது. கம்பெனிக்கு அதில் லாபக் கணக்கு உண்டு. டிரைவர் கிடைக்காவிட்டால் லாரி விற்காது. தப்பாக ஓட்டினால் எஞ்சின் மேல் பழி வரும். என்றாலும் கேபினுக்கு வெளியே, கரும்பலகை வைத்து, ஏர் பிரேக் எப்படி வேலை செய்கிறது என்று லாரி டிரைவருக்கு விளக்கிய இடம் இந்த வட்டாரத்தில் அதுதான்.

அந்த விளக்கம் எவ்வளவு தேவை என்பதற்குத் தொப்பூர் கணவாய் சாட்சி. தர்மபுரி மாவட்டத்திலிருந்து சேலம் பக்கம் இறங்கும் அந்தச் சரிவில் எத்தனை லாரிகள் முன்னால் போன கார்களின் மேல் ஏறியிருக்கின்றன என்று கணக்குப் பார்த்தால் வயிறு கலங்கும். காரணங்களில் ஒன்று கேபின் பள்ளி தலைமுறை தலைமுறையாகச் சொல்லிக் கொடுத்த தவறான பாடம்: இறக்கத்தில் நியூட்ரல் போடு, டீசல் மிச்சம். நியூட்ரலில் விட்ட வண்டிக்கு எஞ்சினின் பிடிமானம் இல்லை. முழுச் சுமையையும் பிரேக் ஒன்றே தாங்க வேண்டும். திரும்பத் திரும்ப அழுத்தினால் டிரம் சூடேறி, லைனிங் பிடிப்பு இழக்கும். ஏர் டேங்கில் காற்றழுத்தமும் இறங்கும். வேகம் கூடிய பிறகு கியர் விழாது.

சரி, டீசலாவது மிஞ்சுகிறதா? கணினி கட்டுப்படுத்தும் இன்றைய எஞ்சினில் கியரில் இருந்தபடியே ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் சக்கரமே எஞ்சினைச் சுற்றும்; டீசல் பீய்ச்சுவதை இ.சி.யூ. நிறுத்திவிடும். நியூட்ரலில் போட்டாலோ எஞ்சின் அணையாமல் இருக்க டீசல் செலவாகிக்கொண்டே இருக்கும். உயிரைப் பணயம் வைத்து மிச்சப்படுத்துவதாக நினைத்தது மிச்சமே இல்லை. டிரைவர் கியரை நியூட்ரலுக்குத் தள்ளினால் முதலாளியின் போனுக்குத் தகவல் அனுப்பும் ஏற்பாடுகள் இப்போது சந்தையில் உண்டு. ஐ-அலர்ட், ஃப்ளீட் எட்ஜ் என்று கம்பெனிகளே வண்டியோடு சேர்த்துக் கண்காணிப்பு வசதியைத் தருகின்றன. தகவல் வந்ததும் முதலாளி செய்வது திட்டுவது. மேலே சொன்ன நான்கு வரி விளக்கத்தைச் சொல்ல ஆள் இல்லை.

டேங்கர்களின் கதை கொஞ்சம் வேறு. தென்னிந்தியாவில் சமையல் எரிவாயுவை மொத்தமாகக் கொண்டுபோகும் புல்லட் டேங்கர்களின் உரிமையாளர் சங்கத்துக்கு நாமக்கல்தான் தலைமையிடம். ஒரு டேங்கரில் ஏறக்குறைய 18 டன் எரிவாயு. 2012 ஆகஸ்ட் 27 இரவு கேரளத்தின் கண்ணூர் அருகே சாலாவில் ஒரு டேங்கர் சாலைத் தடுப்பில் மோதிக் கவிழ்ந்து வெடித்ததில் 20 பேர் இறந்தார்கள். இத்தகைய சரக்குக்கு மட்டும் சட்டம் முன்பே கறாராக இருந்தது. 1989ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளின் 9ஆம் விதிப்படி, அபாயகரமான சரக்கு ஏற்றும் டிரைவர் எழுதப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும். மூன்று நாள் பயிற்சியில் தேறிச் சான்றிதழ் வாங்கியிருக்க வேண்டும். அதைக் குறித்த காலத்தில் புதுப்பிக்கவும் வேண்டும். கிளீனராக ஏறி வளர்ந்த நாமக்கல் டிரைவர் வகுப்பறைக்குப் போக நேர்ந்தது பெரும்பாலும் இந்த விதியால்தான்.

மூன்று நாள் போதுமா? ஜெர்மனியில் கனரக ஓட்டுநர் ஆவதற்கு மூன்றாண்டுத் தொழிற்படிப்பே உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்தில் லாரி ஓட்டுநர் ஐந்தாண்டுக்கு ஒருமுறை 35 மணி நேரப் பயிற்சி எடுத்துத்தான் தொழிலில் நீடிக்க முடியும். இந்தியாவில் 2021 ஜூலையில் நடைமுறைக்கு வந்த அங்கீகரிக்கப்பட்ட பயிற்சி மையங்களுக்கான விதிகள் கனரக வாகனத்துக்கு ஆறு வாரத்தில் 38 மணி நேரம் என்று வைத்தன. சிமுலேட்டரும் சோதனைத் தடமும் கட்டாயம். அதற்கு இரண்டாண்டு முன்பு, 2019இல், சரக்கு வண்டி ஓட்ட எட்டாம் வகுப்புத் தேர்ச்சி வேண்டும் என்ற விதியை மத்திய அரசு எடுத்துவிட்டது. பள்ளிப் படிப்பைத் தளர்த்திய கையோடு தொழிற்பயிற்சியை இறுக்கியது சரியான முடிவுதான். 38 மணி நேரத்தில் டயர்ச் சத்தம் பிடிபடுமா என்பது வேறு விஷயம்.

இந்த இடைவெளியில்தான் சாலையே மாறிப்போனது. முன்பெல்லாம் நாக்பூருக்குப் போன வண்டி எங்கே இருக்கிறது என்று தெரிய டிரைவர் டிரங்க் கால் போட வேண்டும், பிறகு எஸ்.டி.டி. பூத். 2010இல் நந்தன் நிலேகனி தலைமையிலான குழு சுங்கச்சாவடிகளுக்கு ரேடியோ அலை ஒட்டுவில்லையைப் பரிந்துரைத்தது. அதுதான் ஃபாஸ்டேக். 2021 பிப்ரவரி நடுவிலிருந்து எல்லா வண்டிக்கும் கட்டாயம். பேட்டரி இல்லாத அந்த ஒட்டுவில்லையைச் சாவடியின் கருவி படித்தவுடன் பணம் கழிந்து, முதலாளிக்குக் குறுஞ்செய்தி போகும். தனியாக ஜி.பி.எஸ். வாங்காத ஒற்றை வண்டி உரிமையாளர்கள் இந்தக் குறுஞ்செய்திகளை வரிசையாகப் பார்த்தே வண்டி வைகுந்தம் சாவடியைத் தாண்டிவிட்டதா, ராசாம்பாளையம் வந்துவிட்டதா என்று கணக்குப் போட்டுக்கொள்கிறார்கள். சிங்கப்பூர் 1998இல் மின்னணு முறையில் சாலைக் கட்டணம் வசூலிக்கத் தொடங்கியபோது நகர நெரிசலைக் குறைப்பதுதான் குறி. இங்கே அதே வகைத் தொழில்நுட்பம் லாரி எங்கே நிற்கிறது என்று சொல்லும் வேலையையும் சேர்த்துப் பார்க்கிறது.

சரக்குக்கும் கடிகாரம் வந்தது. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி.; 2018 ஏப்ரலில் மாநிலங்களுக்கு இடையே சரக்கோடு போக வேண்டிய மின்னணுச் சீட்டான இ-வே பில்; அதே ஆண்டு ஜூன் 2 முதல் தமிழ்நாட்டுக்குள்ளும். தொடக்கத்தில் 100 கிலோமீட்டருக்கு ஒரு நாள் என்றிருந்த கெடுவை 2021 ஜனவரியில் 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் ஆக்கினார்கள். வண்டி பழுதாகி நின்றால் கெடு முடிவதற்கு எட்டு மணி நேரம் முன்போ பின்போ கணினியில் நீட்டிக்க வேண்டும். தவறினால் வழியில் அபராதம். செக்போஸ்டில் ஆளைத் தெரிந்து வைத்திருந்த மேனேஜரின் மதிப்பு இறங்கி, லேப்டாப் தெரிந்த பி.காம். பட்டதாரியின் மதிப்பு ஏறியது. நுண்ணறிவுப் போக்குவரத்து என்று கருத்தரங்குகளில் பேசப்படுவது நாமக்கல் புக்கிங் ஆபீஸுக்குள் நுழைந்தது இப்படித்தான்.

அந்தத் துறையின் முறையான படிப்பும் ஆராய்ச்சியும் எங்கே நடந்தன? 2009 வாக்கில் மத்திய அரசின் மின்னணுத் துறை இந்திய நகரங்களுக்கென ஒரு நுண்ணறிவுப் போக்குவரத்துத் திட்டத்தைத் தொடங்கியது. திருவனந்தபுரம் சி-டாக் கணினி ஆய்வு மையத்தோடு சென்னை ஐ.ஐ.டி.யும் அதில் இருந்தது. ஐ.ஐ.டி. ஆய்வாளர்கள் எடுத்துக்கொண்ட சிக்கல்களில் ஒன்று சுவையானது. மேலை நாட்டுக் கருவிகள் வண்டிகள் தடம் மாறாமல் வரிசையாகப் போகும் என்று நம்பிச் செய்யப்பட்டவை. நம் ஊரில் ஒரே தடத்தில் பஸ்ஸும் பைக்கும் ஆட்டோவும் பக்கவாட்டில் உரசிக்கொண்டு போகும். இந்தக் கலப்பிலும் எது எதுவென்று பிரித்து எண்ணும் தரைச்சுருள் கருவியை அவர்கள் உருவாக்கினார்கள். விபத்து நடந்த இடத்திலிருந்தே போலீசார் செல்போனில் விவரம் பதியும் தேசிய விபத்துத் தரவுத்தளமும் சென்னை ஐ.ஐ.டி.யும் தேசியத் தகவல் மையமும் சேர்ந்து செய்ததுதான்; முதலில் சோதித்துப் பார்த்த ஆறு மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று. நாமக்கல்லிலிருந்து இரண்டு மணி நேரத்தில் போய்விடக்கூடிய திருச்சி என்.ஐ.டி.யில் போக்குவரத்துப் பொறியியலில் எம்.டெக். இருக்கிறது.

சேலம் அரசு பொறியியல் கல்லூரி 1966இலிருந்து இருக்கிறது. 1990களில் திருச்செங்கோட்டைச் சுற்றியும் சேலத்தைச் சுற்றியும் தனியார் கல்லூரிகள் வரிசையாக எழுந்தன. லாரி, ரிக், கோழிப்பண்ணை, விசைத்தறி வருமானத்தில் படித்த பிள்ளைகள் அவற்றை நிரப்பினார்கள். அப்பா ஓட்டிய தொழிலை விட்டு வெளியே போவதற்கான டிக்கெட்டாகவே அந்தப் பட்டம் பார்க்கப்பட்டது. அதில் தப்பில்லை, இருபது நாள் வீட்டுக்கு வராத அப்பாவைப் பார்த்து வளர்ந்த பிள்ளை வேறு எப்படி நினைக்கும்? விளைவு என்னவென்றால், கல்லூரி வாசலைக் கடந்து போகும் லாரிக்குள் என்ன தகவல் உற்பத்தியாகிறது என்று உள்ளே உட்கார்ந்து கணினி அறிவியல் படிப்பவருக்குத் தெரியாது. அந்தத் தகவலை வைத்து என்ன செய்யலாம் என்று லாரிக்காரருக்கும் தெரியாது.

அரசுத் தொழிற்பயிற்சி நிலையங்கள் பக்கம் கொஞ்சம் அசைவு தெரிகிறது. டாடா டெக்னாலஜிஸ் நிறுவனத்தோடு சேர்ந்து 71 அரசு ஐ.டி.ஐ.க்களை 2,877 கோடி ரூபாயில் தமிழக அரசு புதுப்பித்தது. டீசல் மெக்கானிக் படிப்போடு மின்வாகனம், தானியங்கிக் கருவிகள் எல்லாம் பாடமாக வந்தன. 2020இல் பி.எஸ்.-6 புகைத் தரத்துக்கான எஞ்சின் வந்த பிறகு ஸ்பேனரோடு ஸ்கேனரும் இல்லாமல் பட்டறை நடத்த முடியாது என்பதால், இது தாமதமாக வந்தாலும் சரியான இடத்துக்கு வந்த உதவி.

2025 மார்ச் இறுதியில் நாமக்கல்லைத் தலைமையிடமாகக் கொண்ட எரிவாயு டேங்கர் உரிமையாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். எண்ணெய் நிறுவனங்களின் புதிய டெண்டர் நிபந்தனைகளில் அவர்கள் எதிர்த்தவற்றுள் ஒன்று, மாற்று டிரைவரோ கிளீனரோ இல்லாமல் வண்டி வந்தால் 20,000 ரூபாய் அபராதம் என்பது. சொல்லி வைத்துப் பையனை ஏற்றிவிட்ட ஊரில் இப்போது கேபினின் இடதுபுற இருக்கை காலியாகக் கிடக்கிறது. யாரும் அந்தப் பள்ளியில் சேரத் தயாராக இல்லை. பிள்ளைகள் படிக்கப் போய்விட்டார்கள் என்றால் மகிழ்ச்சிதான். ஆனால் கிளீனருக்குத் தெரிந்திருந்ததை இனி யார், எங்கே கற்றுக்கொள்வார் என்பதை முடிவு செய்தாக வேண்டும்.

சேலம், நாமக்கல் மாவட்டக் கல்லூரிகளின் துறைத் தலைவர்களுக்கு இதில் வேலை இருக்கிறது. இறுதியாண்டு புராஜெக்டுக்குத் தலைப்பு தேடி மாணவர்கள் இணையத்தில் அலைய வேண்டியதில்லை. காலியாகத் திரும்பும் லாரிக்கு வழியில் லோடு கோப்பது, இ-வே பில் கெடு முடியுமுன் டிரைவரைத் தமிழிலும் இந்தியிலும் எச்சரிப்பது, தொப்பூர் இறக்கத்தில் பிரேக் சூட்டை அளப்பது என்று தலைப்புகள் புக்கிங் ஆபீஸ் வாசலிலேயே கிடக்கின்றன. ஒரு பருவம் முழுக்க மாணவர்களை அங்கே அனுப்பி உட்கார வையுங்கள். லாரி உரிமையாளர் சங்கங்களும் தங்கள் ஜி.பி.எஸ். பதிவுகளையும் ட்ரிப் ஷீட்டுகளையும் அவர்களுக்குத் திறந்து காட்டட்டும். ஓய்வுபெற்ற டிரைவர் ஒருவரை வாரத்துக்கு ஒரு மணி நேரம் வகுப்பெடுக்கக் கூப்பிடுங்கள். வரும்போது ஒரு வீல் ஸ்பேனரும் கொண்டு வரச் சொல்லுங்கள்.